1861 ஏப்ரலில் யார் கையில் என்ன இருந்தது

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே அட்டவணைதான். வடக்கில் 2 கோடியே 20 லட்சம் பேர். தெற்கில் 90 லட்சம் பேர், அவர்களிலும் 35 லட்சம் பேர் அடிமைகள். தொழிற்கூடங்கள் வடக்கில் 1 லட்சத்து 10 ஆயிரம், தெற்கில் 20 ஆயிரம் சொச்சம். நாட்டில் தயாரான துப்பாக்கிகளில் 97 விழுக்காடு, துணியில் 94 விழுக்காடு, கச்சா இரும்பில் 93 விழுக்காடு வடக்கினுடையது. மொத்த ரயில் பாதை 30,000 மைல். தெற்கின் பங்கு 9,000 மைல். இதைப் படித்துவிட்டு, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி நியாயமானது. இத்தனை ஏற்றத்தாழ்வு இருந்தும் போர் ஏன் நான்கு வருடம் இழுத்தது?

அட்டவணையில் பொய் இல்லை. ஆனால் அது போர் தொடங்கிய நாளின் கணக்கும் இல்லை. 1860ஆம் ஆண்டு மக்கள்தொகையை எடுத்து, 1861 ஜூனில்தான் முடிவான எல்லைக்கோட்டை அதன்மேல் போட்டு, 1863, 64இல் பலன் கொடுத்த தொழில்வலுவை முதல் நாளே வரவு வைத்த கணக்கு அது. மூன்று வெவ்வேறு தேதிகள் ஒரே தாளில் கலந்துகிடக்கின்றன. அவற்றைப் பிரித்து எழுதினால்தான் இரு தரப்பும் எதை நம்பி இறங்கினார்கள் என்பது விளங்கும்.

முதலில் மாநிலங்கள். தென் கரோலினாவில் ஒன்றிய (வடக்கு) அரசின் கையில் இருந்த சம்டர் கோட்டையின் மீது தெற்கின் குண்டு விழுந்தது ஏப்ரல் 12. அன்று பிரிந்துபோயிருந்தவை 11 மாநிலங்கள் அல்ல, ஏழுதான்: தென் கரோலினா, மிசிசிப்பி, புளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, டெக்சாஸ். ஏழிலும் சேர்த்து வெள்ளையர் 26 லட்சம் பேர். துப்பாக்கி எடுக்கப்போவது அவர்கள் மட்டுமே என்பதால் ஆள்பலம் என்று எழுத வேண்டிய எண் அதுதான். அடிமைமுறை இருந்த மற்ற எட்டு மாநிலங்கள் இன்னும் ஒன்றியத்தில்தான், அதாவது வடக்கோடுதான், இருந்தன.

ஏப்ரல் 15 அன்று அதிபர் லிங்கன் 75,000 பேரை 90 நாள் சேவைக்கு அழைத்தார். இரண்டே நாளில் வர்ஜீனியா பிரிந்தது. மே 6 ஆர்கன்சா, மே 20 வட கரோலினா, ஜூன் 8 டென்னசி. இந்த நான்கு மாநிலங்களின் வெள்ளையர் 28 லட்சம் பேர். அதாவது ஒரு படையழைப்புக்குப் பின் எதிரியின் ஆள்பலம் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. லிங்கனுக்கு வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை. கோட்டை பறிபோன பின் சும்மா இருந்திருந்தால் வடக்கு மாநிலங்களே அவரைக் கைவிட்டிருக்கும். ஆனாலும் கணக்கில் இந்த வரி வந்தே ஆக வேண்டும். இரண்டு நாடுகள் மோதும் போரில் யாருடைய ஊர் எந்தப் பக்கம் என்பது முதல் நாளே தெரியும். உள்நாட்டுப் போரில் அது தெரியாது. முதல் அடி எடுத்து வைப்பதே ஊர்களை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

வர்ஜீனியா ஒன்று போனதால் நடந்ததை மட்டும் பாருங்கள். ரிச்மண்டில் இருந்த டிரெடிகர் இரும்பு ஆலைதான் தெற்கில் கனரக பீரங்கி வார்க்கத் தகுதியான ஒரே பெரிய ஆலை. போர் முடியும்வரை சுமார் 1,100 பீரங்கிகள் அங்கிருந்து வந்தன. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இருந்தது ஒன்றிய அரசின் இரண்டு துப்பாக்கித் தொழிற்சாலைகளில் ஒன்று. ஏப்ரல் 18 இரவு காவல் படை அதற்குத் தீ வைத்துவிட்டுப் பின்வாங்கியது. ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகள் கருகின. ஆனால் கடைசல் இயந்திரங்களும் துளையிடும் இயந்திரங்களும் பெரும்பாலும் தப்பின. அவற்றைக் கழற்றி ஒரு பகுதியை ரிச்மண்டுக்கும் இன்னொரு பகுதியை வட கரோலினாவின் ஃபேயட்வில்லுக்கும் கொண்டுபோனார்கள். தெற்கு தன் கையால் செய்த துப்பாக்கிகளில் நல்லவை அந்த இயந்திரங்களில் பிறந்தவை. இரண்டு நாள் கழித்து நார்ஃபோக்கின் காஸ்போர்ட் கடற்படைத் தளத்தை ஒன்றியத்தினர் அவசரத்தில் விட்டு ஓடினார்கள். சுமார் 1,200 பெரிய பீரங்கிகள் அப்படியே கிடைத்தன. சார்ல்ஸ்டனிலிருந்து மிசிசிப்பி வரை தெற்கின் கோட்டைச் சுவர்களில் ஏறியவை அவைதான். ஒரு வாரத்தில் நடந்த இந்த இடமாற்றம் எந்தத் தொழிற்கூட அட்டவணையிலும் தெரியாது.

எதிர்ப்பக்கமும் இதே அளவு முக்கியம். மேரிலாண்ட், கென்டக்கி, மிசூரி மூன்றும் தெற்கோடு போயிருந்தால் அதன் வெள்ளையர் ஆள்பலம் 45 விழுக்காடும் உற்பத்தித் திறன் 80 விழுக்காடும் கூடியிருக்கும். குதிரையும் கோவேறு கழுதையும் 40 விழுக்காட்டை ஒட்டிக் கூடியிருக்கும். மேரிலாண்டைப் பிடித்து வைத்தது படைபலம். ஏப்ரல் 19 பால்டிமோர் கலவரத்துக்குப் பின் தலைநகருக்கு ரயிலும் தந்தியும் அறுந்து, 25ஆம் தேதி அனாபொலிஸ் வழியாக முதல் படை வந்து சேரும்வரை வாஷிங்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. கென்டக்கி கிடைத்தது பொறுமையால். அந்த மாநிலம் நடுநிலை அறிவித்தபோது லிங்கன் அதை மீறவில்லை. செப்டம்பர் 3 அன்று தெற்கின் தளபதி போல்க் அவசரப்பட்டு அந்த மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்குள் நுழைந்தார். அத்தோடு கென்டக்கி சட்டமன்றம் ஒன்றியத்தின் பக்கம் சாய்ந்தது. மூன்றே நாளில் வடக்கின் தளபதி கிராண்ட் படூக்கா நகரைப் பிடித்தார். டென்னசி, கம்பர்லாண்ட் ஆறுகளின் வாய் திறந்தது. அடுத்த பிப்ரவரியில் ஹென்றி, டோனல்சன் கோட்டைகளும் நாஷ்வில் நகரமும் விழுந்ததற்கு வித்து அங்கே போடப்பட்டது.

இனி, கையில் இருந்த ஆயுதமும் ஆளும். 1861 தொடக்கத்தில் அமெரிக்காவின் நிரந்தர ராணுவம் மொத்தமே 16,000 பேர் சொச்சம். அதிலும் பெரும்பாலான கம்பெனிகள் மேற்கே பூர்வகுடிகளின் எல்லையில் சிதறிக் கிடந்தன. சுமார் 1,100 அதிகாரிகளில் 300 பேர் அளவில் விலகித் தெற்கே போனார்கள். சாதாரண சிப்பாய்கள் போனது மிகச் சொற்பம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வடக்கு தன்னிடம் மிஞ்சிய அதிகாரிகளைப் பழைய பட்டாளங்களிலேயே கட்டி வைத்தது. தெற்கில் பழைய பட்டாளம் என்ற ஒன்றே இல்லாததால் வந்த அதிகாரிகள் நேராகத் தன்னார்வப் படைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார்கள். நாட்டில் இருந்த எட்டு ராணுவக் கல்லூரிகளில் ஏழு அடிமை மாநிலங்களில் இருந்ததும் சேர்ந்துகொண்டது. எண்ணிக்கையில் சிறுபான்மையான இந்த அதிகாரி கூட்டம் முதல் ஒன்றரை வருடத்தில் தன் எண்ணிக்கைக்கு மீறிய வேலை செய்தது.

ஆயுதத்தை எண்ணும்போது நம் தகடூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், பளபளவென்று பீலி சூட்டிக் காவலோடு வைத்திருந்த படைக்கலங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் மன்னனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வதுபோல் சொன்ன அந்தப் பதில், கொட்டடியில் எத்தனை என்பதைவிடப் பட்டறையும் பழக்கமும் எங்கே என்று கேட்கச் சொல்கிறது. 1861க்கு அதை அப்படியே பொருத்தலாம். தெற்கு மாநிலங்கள் கைப்பற்றிய ஆயுதக் கிடங்குகளில் சுமார் ஒன்றரை லட்சம் துப்பாக்கிகள் இருந்தன. எண்ணிக்கை அழகுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உள்ளே வரிப்பள்ளம் இல்லாத பழைய மஸ்கெட்டுகள். நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிற்காது. வரிப்பள்ளம் வெட்டிய ரைஃபிள்கள் சொற்பம். வடக்கிலும் முதல் வருடம் இதே கதைதான்; பல பட்டாளங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த கழிவுத் துப்பாக்கிகளோடு நின்றன. வித்தியாசம் பட்டறையில் இருந்தது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலை 1860இல் பத்தாயிரத்துக்கும் குறைவாகச் செய்தது. 1864இல் ஒரே வருடத்தில் 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். இடையில் இருக்கும் மூன்று வருடத்தைத்தான் புத்தக அட்டவணை விழுங்கிவிடுகிறது.

துப்பாக்கி இருந்தால் போதாது, கருமருந்து வேண்டும். கிருஷ்ணகிரியில் கல் உடைக்கும் தொழிலை அறிந்தவர்களுக்கு இதன் சேர்மானம் புதிதல்ல: வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. கரி எங்கும் கிடைக்கும். கந்தகம் லூசியானாவின் சர்க்கரை ஆலைகளில் சாறு வெளுக்க வைத்திருந்தது கிடைத்தது. சிக்கல் வெடியுப்பில்தான். தெற்கில் போர் தொடங்கும்போது சொல்லிக்கொள்ளும்படி கருமருந்து ஆலையே இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் ரெயின்ஸ் என்ற அதிகாரி 1861 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் அடிக்கல் போட்டு, 1862 ஏப்ரலில் ஆலையை ஓட்டிவிட்டார். போர் முடிவதற்குள் 27 லட்சம் பவுண்டுக்கு மேல் மருந்து அங்கிருந்து போனது. வெடியுப்புக்கு டென்னசி, அலபாமா குகைகளின் மண்ணைத் தோண்டி, நீரில் கரைத்து, சாம்பல் காரம் சேர்த்துக் காய்ச்சினார்கள். குகை மாவட்டங்கள் பறிபோகப் போக, எருவையும் சாணத்தையும் குவித்து வெடியுப்புப் பாத்தி போட்டார்கள். அந்தப் பாத்தி பக்குவமாக ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும் என்பதால் பலன் கைக்கு வருவதற்குள் போரே முடிந்துவிட்டது.

வடக்குக்கும் இதில் நிம்மதி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அவர்களுடைய வெடியுப்பு வந்தது பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து, முக்கியமாகப் பீகாரிலிருந்து. 1861 கடைசியில் இங்கிலாந்தில் கிடைத்த சரக்கையெல்லாம் வாங்கக் கப்பலேறிய வடக்கின் கருமருந்து ஆலைக்காரர் லாமோ டுபான்ட், ட்ரெண்ட் கப்பல் விவகாரத்தில் மாட்டிக்கொண்டார். தெற்கின் தூதர்களை வடக்கின் போர்க்கப்பல் பிரிட்டிஷ் கப்பலிலிருந்து இறக்கிக் கைதுசெய்ததும் லண்டன் வெடியுப்பு ஏற்றுமதியை நிறுத்தியது. தூதர்களை விடுவித்த பின்தான் சரக்கு கிளம்பியது. 97 விழுக்காடு துப்பாக்கி செய்த தரப்பு, பீகாரில் மண் வழித்த உழைப்பாளியை நம்பி இருந்தது.

சின்னச் சரக்கும் தரப்பைக் கவிழ்க்கும். துப்பாக்கியின் விசையடியில் வைத்து, அடி விழுந்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப் செம்புத் தகட்டில் செய்வது. டென்னசியின் செம்புச் சுரங்கம் 1863இல் கைநழுவியதும், கரோலினா மலைப்பக்கம் ஆப்பிள் சாராயம் காய்ச்சும் செம்பு வாலைகளைத் திரட்டி வெட்டிக் கேப் அடித்தார்கள். கேப் இல்லாத துப்பாக்கி வெறும் தடி. கையிருப்பை எழுதும் தாளில் பீரங்கிக்கு ஒரு வரி போட்டால் கேப்புக்கும் ஒரு வரி போட வேண்டும்.

இப்போது களத்தில் இது எப்படி இறங்கியது என்று பாருங்கள். முதல் பெரிய சண்டை ஜூலை 21, புல் ரன். தேசக் கணக்கில் ஒன்றுக்கு நான்கு என்ற ஆள்பலம் அங்கே வடக்கில் சுமார் 35,000, தெற்கில் சுமார் 32,000 என்று வந்து நின்றது. ஷெனன்டோவா பள்ளத்தாக்கிலிருந்து தெற்கின் தளபதி ஜான்ஸ்டனின் படைகள் ரயிலேறி வந்து சேர்ந்ததால் வந்த சமம் அது. பெரிய தரப்பின் பெரும்பான்மை பயிற்சி முகாமிலும் ஊரிலும் இருந்தது.

ரயிலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மைல் கணக்கு அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். 9,000 மைல் என்பது அன்றைய உலகில் சிறிய வலை அல்ல. ஆனால் ஆழ்தெற்கில் பாதை அகலம் பெரும்பாலும் 5 அடி. வர்ஜீனியா, வட கரோலினாவில் பெரும்பாலும் 4 அடி எட்டரை அங்குலம். அகலம் ஒன்றாக இருந்த ஊரிலும் ஒரு கம்பெனியின் தடம் நகரின் ஒரு கோடியிலும் இன்னொன்று மறு கோடியிலும் முடியும். நடுவே வண்டி கட்டிச் சரக்கை மாற்ற வேண்டும். பீட்டர்ஸ்பர்க் அப்படி ஒரு நகரம். நம்மூரில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906 முதல் ஓடிய குறுகிய பாதை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை மெயின் லைனில் வந்த மூட்டை மொரப்பூரில் இறங்கி, வேறு பெட்டியில் ஏறினால்தான் தருமபுரி வந்து சேரும். ஒரு மூட்டைக்கு அது சிரமம் மட்டுமே. ஒரு படைப்பிரிவுக்கு அது இரண்டு நாள் தாமதம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாதை நின்றுபோனதிலும் ஒற்றுமை இருக்கிறது: போர் வந்தால் முதலில் பலியாவது கிளைப் பாதைதான். தெற்கில் போர்க்காலம் முழுவதும் புதுத் தண்டவாளம் உருட்டப்படவே இல்லை என்று சொல்லலாம். இருந்த ஆலைகள் கவசத் தகடும் பீரங்கியும் செய்யப் போய்விட்டன. மெயின் லைனில் தேய்ந்த தண்டவாளத்துக்குப் பதில் போடக் கிளைப் பாதைகளைப் பிடுங்கினார்கள்.

இதன் விலை 1863 செப்டம்பரில் தெரிந்தது. தெற்கின் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் சுமார் 12,000 பேரை வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நாக்ஸ்வில் வழியான நேர்ப்பாதை பறிபோனதால் கரோலினாக்களைச் சுற்றி 900 மைல். பத்து நாளுக்கு மேல் ஆகியும் சிக்கமாகா சண்டைக்குப் பாதிப் பேர்தான் வந்து சேர்ந்தார்கள். சில நாட்களுக்குள் வடக்கு 20,000க்கு மேற்பட்டவர்களை, பீரங்கி குதிரைகளோடு, சுமார் 1,200 மைல் தூரம், பன்னிரண்டு நாள் அளவில் கொண்டுபோய் இறக்கியது. 1861இல் இரு தரப்பாலும் இப்படி ஒரு காரியம் செய்திருக்க முடியாது. வடக்கு கற்றுக்கொண்டது, தெற்கின் தண்டவாளம் தேய்ந்தது.

அடுத்தது வினைவலி, அதாவது எடுத்த வேலை எவ்வளவு கடினம் என்பது. நான்கு வருடம் ஏன் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. தெற்கு ஜெயிக்க வாஷிங்டனைப் பிடிக்க வேண்டியதில்லை. அழியாமல் நின்றால் போதும். வடக்கோ ஏழரை லட்சம் சதுர மைல் நிலத்துக்குள் புகுந்து, பிடித்து, பிடித்ததைக் காத்து, படைக்குச் சோறும் போட வேண்டும். சோற்றுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு 3 பவுண்டு, அதாவது 1.4 கிலோ. குதிரைக்குத் தீவனமும் தானியமுமாக 26 பவுண்டு, சுமார் 12 கிலோ. கோவேறு கழுதைக்குச் சற்றுக் குறைவு. 1 லட்சம் பேர் கொண்ட படையோடு 35,000 விலங்குகள் போகும். ஆட்களுக்கு 140 டன், விலங்குகளுக்கு 400 டன்னுக்கு மேல். படையின் சுமையில் முக்கால் பங்கு அதன் குதிரைகள் தின்பது.

ரயிலடியிலிருந்து படை மூன்று நாள் வண்டிப் பயணத் தூரத்தில் இருப்பதாக வையுங்கள். தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போகிற தூரம்தான். ஆறு கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி ஒரு டன் ஏற்றும். ஆறும் நாளொன்றுக்கு 63 கிலோ தின்னும். போக மூன்று, வர மூன்று என ஆறு நாளில் 378 கிலோ. வழியில் மேய்ச்சல் கிடைக்காவிட்டால் ஆயிரம் கிலோவில் படைக்குச் சேர்வது 620 கிலோதான். எட்டு நாள் தூரம் என்றால் வண்டி தன் கழுதைகளுக்கே சுமந்ததாக முடியும். அதனால்தான் வடக்கின் படைகள் ஆற்றையும் தண்டவாளத்தையும் விட்டு நகரவில்லை. அதனால்தான் கைப்பற்றிய ஒவ்வொரு மைல் பாதைக்கும் காவல் போட்டு முன்னணியில் ஆள் குறைந்தது. 1862 டிசம்பர் 20 அன்று வடக்கின் ஹாலி ஸ்பிரிங்ஸ் கிடங்கைத் தெற்கின் தளபதி வான் டோர்னின் குதிரைப்படை எரித்தது. தெற்கின் இன்னொரு தளபதி ஃபாரஸ்டின் ஆட்கள் பின்னால் ரயில் பாதையைப் பெயர்த்தார்கள். தெற்கின் கையில் இருந்த விக்ஸ்பர்க் நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த கிராண்டின் பெரும்படை சண்டையில் தோற்காமலே திரும்பிப் போனது.

கடலிலும் இதே நிலை. ஏப்ரல் 19 அன்று லிங்கன் முற்றுகை அறிவித்தபோது காக்க வேண்டிய கரை 3,500 மைல். கடற்படைப் பட்டியலில் 90 கப்பல், பணியில் இருந்தவை 42, அவற்றிலும் பாதி தூரக் கடல்களில். முதல் வருடம் பத்தில் ஒன்பது கள்ளக் கப்பல்கள் தப்பி ஓடின. தெற்குக்குப் பருத்தியை விற்று ஆயுதம் வாங்க அதைவிட நல்ல நேரம் பிறகு வாய்க்கவில்லை. ஆனால் அந்த வருடம் அவர்களே பருத்தியை வெளியே விடாமல் பிடித்து வைத்தார்கள், பிரிட்டன் தவித்து ஓடி வரும் என்று. முந்தைய இரண்டு வருட அமோக விளைச்சலால் இங்கிலாந்தின் நெசவாலைப் பகுதியான லங்காஷயரின் கிடங்குகள் நிரம்பியிருந்தன. தட்டுப்பாடு வந்தபோது வாங்குபவர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். நம் மாகாணத்தில் கோயம்புத்தூர், திருநெல்வேலிப் பக்கம் வரை பருத்தி விலை ஏறியது. துணைவலியை, அதாவது வெளியார் உதவியை, நம்பிக் கைமுதலைப் பூட்டி வைத்த இந்த முடிவை தெற்கின் மிகப் பெரிய பிழையாக நான் கருதுகிறேன், எந்தச் சண்டைத் தோல்வியையும்விட.

பணத்தை அதிகம் விரிக்க வேண்டாம். தெற்கின் செல்வம் நிலத்திலும் அடிமைகளிலும் முடங்கியிருந்தது, வரி வசூல் அமைப்பு இல்லை. செலவில் பெரும்பங்கை நோட்டு அச்சடித்தே சமாளித்தார்கள். போர் முடிவதற்குள் விலைவாசி தொண்ணூறு மடங்கு அளவுக்கு ஏறியது. வடக்கில் வரியும் கடன் பத்திரமும் சேர்ந்து தாங்கியதால் ஏற்றம் ஒரு மடங்குக்குள் நின்றது.

அடிமைகளான அந்த 35 லட்சம் பேரை எந்தப் பக்கம் எழுதுவது? தெற்கின் தலைவர்கள் தயங்காமல் தம் பக்கம் எழுதினார்கள். வயலிலும் சுரங்கத்திலும் அரண் கட்டும் வேலையிலும் அடிமைகளை நிறுத்தியதால்தான் வெள்ளையர்களில் பெரும்பாலானவர்களைப் படைக்கு அனுப்ப முடிந்தது. ஆனால் சம்டருக்குப் பின் ஆறு வாரம்கூட ஆகவில்லை. மே மாதத்தில் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று பேர், தெற்கின் பீரங்கி மேடை கட்டும் வேலையிலிருந்து தப்பி, படகேறி ஒன்றியத்தின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்த ஜெனரல் பட்லர் அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். பின்னால் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1865க்குள் கறுப்பினத்தவர் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் ஒன்றியப் படையில் சேர்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் கூடிய இந்த எண் தன் காலால் நடந்து வந்தது. உள்நாட்டுப் போரின் பலத்தைக் கணக்கிடும் எவரும் தன் பக்கம் என்று எழுதிக்கொண்ட மக்களைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினாரா என்று பார்க்க வேண்டும்.

தொழில்வலு இருந்தால் கடைசியில் ஜெயிக்கலாம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்குத்தான் ஸ்பெயினைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 1936 ஜூலை 17, 18இல் ராணுவக் கலகம் வெடித்தபோது மாட்ரிட், பார்சலோனா, வலென்சியா, பில்பாவ் எல்லாம் ஆட்சியில் இருந்த குடியரசிடம். தொழிற்சாலைகளில் பெரும்பகுதி, மக்கள்தொகையில் பெரும்பகுதி, சுமார் 635 டன் தங்கக் கையிருப்பு, கடற்படையில் பெரும்பாலான கப்பல்கள் அனைத்தும் குடியரசிடம். உள்நாட்டில் இருந்த ராணுவம் ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரிந்தது. கலகக்காரர்களிடம் உருப்படியாக இருந்தது மொராக்கோவில் இருந்த 30,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்ட, ஸ்பெயினின் ‘ஆப்பிரிக்கப் படை’. அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம்.

கப்பல் எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் அந்தப் படை அங்கேயே கிடந்திருக்கும். மாலுமிகள் கலக அதிகாரிகளைத் தூக்கி எறிந்து கப்பல்களைக் குடியரசுக்குக் காத்துக் கொடுத்தார்கள். அதே காரணத்தால் கப்பலை ஓட்டவும் குறி வைக்கவும் தெரிந்த அதிகாரிகள் இல்லாமல் போனார்கள். ஜிப்ரால்டரிலும் டாஞ்சியரிலும் எண்ணெய் கிடைக்கவில்லை. ஜூலை கடைசியில் ஹிட்லர் அனுப்பிய 20 ஜங்கர்ஸ் விமானங்களும் முசோலினியின் விமானங்களும் சிப்பாய்களை வான்வழியே கடத்தத் தொடங்கின. செப்டம்பரில் குடியரசு தன் கப்பல்களில் பெரும்பகுதியை ஸ்பெயினின் வடகரைக் கடலுக்கு அனுப்பியது. செப்டம்பர் 29 அன்று கலகக்காரர்களின் கனாரியாஸ் என்ற குரூசர் போர்க்கப்பல் ஜிப்ரால்டர் ஜலசந்தியில் ஒரு அழிகப்பலை மூழ்கடித்ததும் வழி முழுவதும் திறந்தது. தங்கம் இருந்தும் வாங்கச் சந்தை இல்லை: ஐரோப்பிய நாடுகள் தலையிடாமை ஒப்பந்தம் போட்டுக் கதவை மூடின. 510 டன் தங்கம் சோவியத் ஒன்றியத்துக்குப் போனது, பதிலுக்கு வந்த ஆயுதம் விட்டு விட்டு வந்தது. கலகக்காரர்களின் தலைவர் பிராங்கோவுக்கோ ஜெர்மனியும் இத்தாலியும் கடனுக்குக் கொடுத்தன, எண்ணெய் உட்பட வேறு சரக்குகளும் கடனில் கிடைத்தன. கோதுமை விளையும் காஸ்டில் சமவெளி அவர் பக்கம் இருந்ததால் பசியும் மாட்ரிட் பக்கம்தான் வந்தது. அமெரிக்காவில் வடக்குக்குத் தன் தொழில்வலுவைப் படைபலமாக மாற்ற இரண்டு வருடம் கிடைத்தது. ஸ்பானியக் குடியரசுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இதே முறையில் ரஷ்யா 1918ஐப் போட்டுப் பார்க்கலாம். ரயில் வரைபடத்தை முதலில் எடுங்கள்: பாதைகள் எல்லாம் மாஸ்கோவிலிருந்து கதிர்போல் கிளம்பும், போல்ஷெவிக்குகள் நடுவில். துலாவின் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஜார் காலத்துக் கிடங்குகளும் அவர்களிடம். ஓம்ஸ்க்கில் கோல்சாக், தெற்கே டெனிகின் என்று போல்ஷெவிக்குகளை எதிர்த்த ‘வெள்ளை’ப் படைகள் விளிம்பில், ஒருவருக்கொருவர் ஆள் அனுப்ப வழி இல்லாமல். அதற்குப் பக்கத்தில், போல்ஷெவிக்குகளின் செம்படையில் சேர்ந்த பழைய ஜார் ராணுவ அதிகாரிகளை எந்தப் பத்தியில் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டு மற்ற எண்களுக்குப் போங்கள்.